வாள்வீச்சும் கல்லூரி இடமும்

விளையாட்டால் கல்லூரியில் இடம் பெறுவது பற்றிப் பேசும்போது கபடி, ஹாக்கி, தடகளம் என்று நிறுத்திவிடுகிறோம். வாள்வீச்சு நினைவுக்கு வருவதில்லை. சென்னையைச் சேர்ந்த சி.ஏ.பவானி தேவியும் அதைத் தேடிப் போனவர் அல்லர். 2004இல் அவர் பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட, மீதமிருந்த வாள்வீச்சில் சேர்ந்தார். தொடக்கத்தில் மூங்கில் குச்சிதான் வாள். பத்தாம் வகுப்புக்குப் பின் கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையப் பயிற்சி மையத்துக்குச் சென்றார். அந்த ஊரின் அரசு பிரண்ணன் கல்லூரியிலேயே பட்டமும் படித்தார். 2021இல் டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

உதவித்தொகை என்றதும் பணத்தையே நினைக்கிறோம். இங்கே முதலில் வேண்டியது தங்குமிடம், உணவு, பயிற்சியாளர், நடந்து போகும் தூரத்தில் ஒரு கல்லூரி. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு ரூ.6.28 லட்சம் ஒதுக்கப்படுகிறது. அதில் கைச்செலவுக்குத் தரப்படுவது ரூ.1.20 லட்சம். மீதி பயிற்சிக்கும் தங்குமிடத்துக்கும் போட்டிகளுக்கும் செலவாகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு.

அமெரிக்கக் கல்லூரிகள் வாள்வீச்சு வீரர்களை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது உண்மைதான். ஆனால் முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று 2024-25 கல்வியாண்டு வரை பெண்கள் அணிக்கு 5, ஆண்கள் அணிக்கு 4.5 முழு உதவித்தொகை அளவுக்கு மேல் தர முடியாமல் இருந்தது; அதையும் பலருக்குப் பிரித்தே கொடுத்தார்கள். ஹார்வர்டு போன்றவை விளையாட்டுக்கென உதவித்தொகையே தருவதில்லை. இதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தூத்துக்குடிக் கடற்கரைப் பள்ளிகளில் சிலம்பம் சுற்றும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குக் கம்பு பழக்கம். ஆனால் வாள்வீச்சில் சுற்றி வர இடமில்லை. 14 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள தடத்தில் முன்னும் பின்னும் மட்டுமே நகரலாம். திடலில் சுண்ணாம்பால் அந்தத் தடத்தை வரைந்து, நடுக்கோட்டிலிருந்து இரண்டிரண்டு மீட்டர் தள்ளி இருவரை எதிரெதிரே நிறுத்துங்கள். ஒருவர் முன்னேறினால் மற்றவர் அதே அளவு பின்வாங்க வேண்டும், இடைவெளி மாறக்கூடாது. கையில் எதுவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் யாருக்குக் கால் பேசுகிறது என்று தெரிந்துவிடும். முகக்கவசம் வரும்வரை குச்சியை நீட்டிக் குத்த விடாதீர்கள். கண் போனால் போனதுதான்.

தெரிந்தெடுத்த பிள்ளையைத் தருவை மைதானத்துக்கு அனுப்பி, மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் பயிற்சிக்கும் விளையாட்டு விடுதித் தேர்வுக்கும் வழி கேட்கலாம். வீட்டாரிடம் பேசுவது அதைவிடக் கடினம், பெண் பிள்ளை என்றால் இன்னும். அப்பா கடலுக்குப் போகும் வீட்டில், மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பும் முடிவை ஒரே பேச்சில் எடுக்க மாட்டார்கள். அம்மாவை ஒருமுறை விடுதிக்கு நேரில் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் நடக்கின்றன. அதனால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஆறாம் வகுப்பிலேயே பார்த்துவிட வேண்டும். களத்தில் வென்ற பிள்ளை ஓர் எழுத்தால் கலந்தாய்வில் தோற்கக் கூடாது. போட்டி நாள்களின் வருகைக் குறிப்பையும் சான்றிதழ் நகல்களையும் பள்ளியில் ஒரு கோப்பில் வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகும் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கோப்புதான் பெட்டகம்.