சைலன்சரை அறுத்தால் வண்டி பறக்குமா?

"சைலன்சரை அறுத்துட்டா வண்டி சும்மா பறக்கும்" என்று சிவகாசியில் பல அண்ணன்மார் சொல்வார்கள். பறக்காது. ஏன்?

ஒரு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், புகை நொடிக்கு 25 தடவை அழுத்தத்தோடு வெளியேறும். அணையாத சரவெடிதான்! சைலன்சருக்குள் உள்ள அறைகளும் துளைக் குழாய்களும் அந்தச் சத்தத்தை மோதவிட்டு அடக்குகின்றன.

யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் சங்கதியே வேறு. (எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.) புகை போகும் வழி திறந்திருக்கும்போதே புது பெட்ரோல் கலவை உள்ளே வரும், கொஞ்சம் வெளியே நழுவப் பார்க்கும். சைலன்சரின் உப்பிய வயிற்றில் மோதித் திரும்பும் அழுத்த அலை, அதை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அறுத்துட்டு வெறும் குழாய் மாட்டினால்? பெட்ரோல் வீண், இழுவையும் குறையும். சத்தம் மட்டும் லாபம்!

2019 திருத்தச் சட்டப்படி, சத்த விதியை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை.

நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு. ஆக்சிலேட்டரை விட்டதும் அறுத்த சைலன்சர் "டமார்" என்னும். பட்டாசு ஆபீசுக்கு ஆள் போயிருக்கும் வீடுகளில் உடனே போனை எடுக்கிறார்கள். எங்க அம்மாவும்தான்.