நம்ம வீடியோவில் நம்ம குரல்

பயிற்சிப் பாடம்: வீடியோவுக்குக் குரல், சத்தம், இசை சேர்ப்பது எப்படி?



இப்போதெல்லாம் குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டு, சேமிப்பு பாஸ்புக்கோடு செல்போனும் பாயில் இடம் பிடித்துக்கொள்கிறது. கடலை உருண்டை செய்கிற குழுவாகட்டும், பூ கட்டுகிற குழுவாகட்டும், வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பித்தான் ஆர்டர் பிடிக்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் நம் குழுக்களின் வீடியோக்களைப் பார்க்கும்போது ஒரு குறை திரும்பத் திரும்பத் தெரிகிறது. படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தம்தான் சரியில்லை. ஒன்று, ஃபேன் இரைச்சலில் பேச்சே கேட்பதில்லை. இல்லாவிட்டால் ஒரு சினிமாப் பாட்டு முழு வீடியோவையும் மூடிவிடுகிறது. பொருளைச் செய்தது யார், விலை என்ன, எங்கே கிடைக்கும் என்று சொல்லவேண்டிய அக்காவின் குரலைக் காணோம்.

கேட்டால், “எங்க குரல் நல்லா இருக்காதுங்க, பாட்டே போட்டுடலாம்” என்கிறார்கள். சில வீட்டில் மகனைப் பேசச் சொல்கிறார்கள். உழைப்பு நம்முடையது, பேச்சு மட்டும் வேறொருவருடையதா? இந்தப் பாடம் அதற்காகத்தான்.

நமக்கு முன்னால் பேசியவர்கள்

1984-ல் அகமதாபாத்தில் ‘சேவா’ பெண்கள் சங்கம், தன் உறுப்பினர்களுக்கு வீடியோ எடுக்கப் பயிற்சி கொடுத்தது. அதில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் இருந்தார்கள். எழுத்து தெரியாவிட்டாலும் எந்தப் பட்டனை அழுத்தினால் ஒலி பதிவாகும் என்று கற்றுக்கொண்டார்கள். தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே படம் எடுத்தார்கள்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பாஸ்தாபூரில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. அதன் சங்கங்களில் உள்ள தலித் பெண் விவசாயிகளும் கேமரா பிடிக்கக் கற்றார்கள். வாரங்கல் பகுதியில் பி.டி. பருத்தி போட்டு நஷ்டப்பட்ட விவசாயிகளைப் பற்றி 2003-ல் படமே எடுத்தார்கள். 2008 அக்டோபர் 15 முதல் ‘சங்கம் ரேடியோ’ என்ற சமுதாய வானொலியும் நடத்தினார்கள். அந்த வானொலியில் பேசியது அவர்கள் ஊர்த் தெலுங்குதான்.

அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஒரு வீடியோவில் நான்கு சத்தம்

சமையல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

1. குரல் – இது சோறு. இது இல்லாமல் சாப்பாடே இல்லை.
2. இடத்தின் இயல்பான சத்தம் – இது குழம்பு.
3. சேர்க்கும் சத்தம் (சவுண்ட் எஃபெக்ட்) – இது தாளிப்பு.
4. இசை – இது உப்பு. கூடிப்போனால் எல்லாமே கெட்டுவிடும்.

1. குரல் பதிவு

வீடியோ எடுக்கும்போதே பேசவேண்டும் என்பதில்லை. முதலில் படத்தை எடுங்கள். பிறகு தனியாகக் குரலைப் பதிவு செய்து படத்தோடு சேருங்கள். இதைத்தான் ‘வாய்ஸ் ஓவர்’ என்கிறார்கள். செல்போனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டரே போதும். கைன்மாஸ்டர் போன்ற செயலியில் நேராகவும் பதியலாம்.

• ஒரு நிமிட வீடியோவுக்கு 80 முதல் 100 சொல் போதும். அதற்கு மேல் போனால் ஓட்டமாகப் பேசவேண்டி வரும்.
• எழுதி வைத்துப் படித்தால் பாடம் ஒப்பிப்பது போல் இருக்கும். சொல்லவேண்டியதை நான்கு குறிப்பாக வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள்.
• காலி அறையில் குரல் எதிரொலிக்கும். துணிமணி, போர்வை, மெத்தை உள்ள அறையில் பேசுங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும்.
• ஃபேன், டி.வி.யை நிறுத்துங்கள். போனை ஃபிளைட் மோடில் போடுங்கள்.
• போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேருக்கு நேர் வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று ‘பொத்’ என்று அடிக்கும்.
• தப்பு வந்தால் நிறுத்தவேண்டாம். ஒரு மூச்சு விட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். தப்பைப் பிறகு வெட்டிவிடலாம்.

முதல் தடவை நம் குரலை நாமே கேட்டால் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். பேசும்போது நம் குரல் காது வழியாக மட்டுமல்ல, தலை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது. ரெக்கார்டரில் அது கிடையாது. அதனால்தான் வேறு யாரோ பேசுவதுபோல் தோன்றுகிறது. மற்றவர்கள் தினமும் கேட்கிற குரல் அதுதான்!

எழுதிக் கொடுத்தால் தானே பேசுகிற கம்ப்யூட்டர் குரலும் இப்போது வந்திருக்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் “நான்தாங்க இதைச் செஞ்சேன்” என்று அந்தக் குரல் சொன்னால் அது உண்மையில்லையே.

2. இடத்தின் சத்தம்

அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் போனால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், இது நெசவு ஊர் என்று. தறிச் சத்தமே அடையாளம். லுங்கி விற்கிற வீடியோவில் அந்தச் சத்தம் ஐந்து விநாடி கேட்டால், பத்து வரி பேசியதற்குச் சமம்.

ஆகவே படம் எடுக்கும் இடத்தில், யாரும் பேசாமல் 30 விநாடி வெறும் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். கடலை வறுபடுவது, உரலில் இடிப்பது, பூக்கூடையை இறக்குவது எல்லாம் கைவசம் இருக்கட்டும். குரலுக்கு அடியில் மெதுவாக ஓடவிடலாம். இரண்டு காட்சியை வெட்டி ஒட்டிய இடமும் தெரியாது.

3. சேர்க்கும் சத்தம்

சினிமாவில் கேட்கும் காலடிச் சத்தம், கதவுச் சத்தம் பலவும் படப்பிடிப்பில் பதிந்தவை அல்ல. பிறகு ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே செய்து சேர்க்கிறார்கள். இந்த வேலைக்கு ‘ஃபோலி’ என்று பெயர். பேசும் படம் வந்த புதிதில் ஹாலிவுட்டில் இதை வளர்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயர் அது.

நம் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கொட்டாங்குச்சியைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத் தகட்டை ஆட்டினால் இடி இடிக்கும். முறத்தில் அரிசியை மெதுவாக உருட்டினால் மழை பெய்யும். விழிப்புணர்வு நாடகம் போடும் குழுக்களுக்கு இது மிகவும் பயன்படும்.

ஒரு எச்சரிக்கை. விற்பனை வீடியோவில் சத்தத்தால் பொய் சொல்லக்கூடாது. மிஷினில் ஆட்டிய எண்ணெய்க்கு மரச்செக்குச் சத்தம் சேர்த்தால் அது ஏமாற்று வேலை. தவறான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நடவடிக்கை உண்டு. அதைவிடப் பெரியது, குழுவின் பெயர்.

4. இசை

குரல் அளவை 100 என்று வைத்தால், இசை 15 முதல் 20-க்குள் இருக்கட்டும். பேச்சு இல்லாத இடத்தில் கொஞ்சம் ஏற்றலாம், பேச்சு தொடங்கும் முன் இறக்கிவிடவேண்டும். முடித்ததும் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, ஹெட்செட்டில் ஒரு தடவை கேளுங்கள். வயதான ஒரு அம்மாவிடம் கொடுத்து, “என்ன விலைன்னு சொன்னாங்க?” என்று கேளுங்கள. அவர் சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் வீடியோ பாஸ்!

சினிமாப் பாட்டு போடலாமா?

அதிகமாக வரும் கேள்வி இது. பாட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. எழுதியவர், இசையமைத்தவர், பதிவு செய்த கம்பெனி என்று பலருக்கு 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் உரிமை தருகிறது. கல்யாண ஊர்வலத்திலும் கோயில் சடங்கிலும் பாட்டுப் போட அந்தச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் பொருள் விற்கும் வீடியோவில் சேர்ப்பதற்கு அந்த விலக்கு கிடையாது. யூடியூப்பில் போட்டால் அதன் கம்ப்யூட்டரே பாட்டைக் கண்டுபிடிக்கும். வீடியோ முடங்கலாம், சத்தம் போகலாம், விளம்பரப் பணம் பாட்டுக் கம்பெனிக்குப் போகலாம். முருகன் பக்திப் பாட்டு கேசட், சி.டி.யாக வந்ததற்கும் இதே கதைதான்.

பாட்டு எழுதியவர் இறந்து 60 ஆண்டுக்குப் பின் அந்த வரிகள் பொதுச்சொத்தாகிவிடும். பாரதியார் 1921-ல் மறைந்தவர், அவர் பாடல்களை நீங்களே பாடிப் பதியலாம். ஆனால் அதே பாடலுக்கு ஒருவர் புதிதாக அமைத்த மெட்டுக்கும் அந்த ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு.

அப்படியானால் எந்த இசையைப் போடுவது?

• நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, குலவை. நம் குழுவிலேயே பாடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாடச் சொல்லுங்கள்.
• பம்பை, உடுக்கை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு 365 படி ஏறும் ஊர் நம்முடையது. வாசிப்பவரிடம் அனுமதி கேட்டு, கூலி கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.
• யூடியூப்பின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. சிலவற்றுக்கு இசையமைத்தவர் பெயரைப் போடவேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அதைப் படித்துப் பாருங்கள்.

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைத் திருத்தணி மலையில்தான் பாடினார் என்பது மரபு. இசைக்குப் பஞ்சமில்லாத ஊர் நமது.

தமிழிலும் தெலுங்கிலும்

நம் வீடியோ நகரி, புத்தூர், திருப்பதி வரை போகவேண்டும் அல்லவா? திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதான். இன்றும் நம் குழுக்களில் இரண்டு மொழியும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஒரு பலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி சுலபம். இசையும் சத்தமும் சேர்த்து, குரல் மட்டும் சேர்க்காமல் ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்து வையுங்கள். அதன்மேல் ஒரு முறை தமிழ்க் குரல், இன்னொரு முறை தெலுங்குக் குரல். படம் ஒன்று, வீடியோ இரண்டு! சினிமாவில் டப்பிங் செய்வதும் இப்படித்தான். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசினார்கள். 1944-ல் ஏ.வி.எம். நிறுவனர் மெய்யப்பன், கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்டார். நாம் அதையே செல்போனில் செய்கிறோம்.

மாதிரி: கடலை உருண்டை, ஒரு நிமிடம்

• 0–6 விநாடி: கடலை வறுபடும் சத்தம் மட்டும்.
• 6–20: குரல். நாங்கள் யார், எந்த ஊர், எந்தக் குழு.
• 20–40: குரல். என்ன சேர்க்கிறோம், எப்படிச் செய்கிறோம். அடியில் இடத்தின் சத்தம்.
• 40–54: குரல். எடை, விலை, எங்கே கிடைக்கும். இங்கே இசை வேண்டாம்.
• 54–60: கும்மிப் பாட்டு, குழுவின் பெயர்.

மறக்கக்கூடாதவை

• பேசுபவர், பாடுபவர், படத்தில் வருபவர் மூவரிடமும் சம்மதம் கேளுங்கள். வீடியோவை எங்கெல்லாம் போடப்போகிறோம் என்று சொல்லி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
• முகம் காட்ட விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தாதீர்கள். கையைக் காட்டி, குரல் மட்டும் கொடுக்கலாம்.
• ஆர்டருக்குக் குழுவின் தனி நம்பரைக் கொடுங்கள். சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டு ராத்திரி நேரத்தில் வேண்டாத போனுக்குப் பதில் சொல்லும் நிலை எந்த உறுப்பினருக்கும் வரக்கூடாது.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுவின் கடைசி வீடியோவில் யார் குரல் கேட்டது? ஏன்?
2. நம் தொழிலுக்கென்று இருக்கும் தனிச் சத்தம் எது?
3. நம் குழுவில் தெலுங்கில் பேசக்கூடியவர் யார்? பாடக்கூடியவர் யார்?

அடுத்த கூட்டத்துக்குள் செய்யவேண்டியது

ஒவ்வொரு உறுப்பினரும் தன் பெயர், ஊர், தொழில் மூன்றையும் 20 விநாடியில் பேசிப் பதிவு செய்து வரவேண்டும். கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டுக் கேளுங்கள். யார் குரலைக் கேட்டதும் பொருள் வாங்கத் தோன்றுகிறது என்று நீங்களே பேசி முடிவெடுங்கள். நாம் எதிர்பார்க்காத ஒருவரின் குரலாகக்கூட அது இருக்கும். எப்போதும் ஓரமாக உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகும் அக்காவுக்கும் முறை கொடுக்க மறக்காதீர்கள்.