கிணற்றடியில் ஒரு பாத்தி புதினா

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலையில் புதினாவுக்குக் கிராக்கி கூடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் உள்ள சிற்றுண்டிக் கடைகளுக்கும் அன்னதானம் செய்வோருக்கும் சட்னிக்கும் கலந்த சாதத்துக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களில், கிணறும் எருக்குழியும் உள்ள வீட்டார்கூடப் புதினாவைக் கடையில்தான் வாங்குகிறார்கள். வாங்கிய கட்டில் பாதி மறுநாளே கறுத்துக் குப்பைக்குப் போகிறது.

அந்தக் கட்டே விதைப் பொருளாகும். இலைகளைக் கிள்ளிய பிறகு தடித்த, நோயற்ற தண்டுகளை எடுத்து, மூன்று நான்கு கணு இருக்கும்படி 4 அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நுனி இலை இரண்டை மட்டும் விட்டுவிடலாம். வேரோடு கூடிய ஓடுதண்டு அண்டை வீட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது.

6 அடி நீளம், 3 அடி அகலமுள்ள பாத்தி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மண்ணைக் கொத்தி, மக்கிய தொழு உரம் இரண்டு கூடை கலந்து, அரை அடி இடைவெளியில் நட்டால் சுமார் 70 துண்டுகள் பிடிக்கும். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்க வேண்டும். வேர் பிடிக்கும் வரை தென்னங்கீற்று நிழல் அவசியம். பங்குனி, சித்திரை வெயிலில் நடுவது வீண் வேலை. முருங்கை அல்லது தென்னையின் அரைநிழல் இப்பயிருக்கு மிகவும் பிடிக்கும். ஈரம் இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். இடமில்லாதவர்கள் அடியில் துளையிட்ட பழைய தொட்டியில் வளர்க்கலாம். புதினா ஓடிப் படர்ந்து அடுத்த செடியை அமுக்கிவிடும் என்பதால் தொட்டியே சிலருக்கு வசதி.

எந்த நீர்?

பாத்திரம் கழுவிய நீரைப் புதினாவுக்குத் திருப்பிவிடுவது பல வீடுகளில் வழக்கம். இதை நிறுத்த வேண்டும். துவையலிலும் சட்னியிலும் இந்த இலையைப் பச்சையாகவே அரைத்துச் சாப்பிடுகிறோம். சாக்கடை கலந்த நீரிலுள்ள குடற்புழு முட்டைகளும் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் இலையோடு தட்டுக்கு வந்துவிடும். முதலில் அவதிப்படுவது குழந்தைகள். கழுநீரை வாழைக்கு விட்டு, புதினாவுக்குக் கிணற்று நீரை ஊற்றலாம். இதே காரணத்தால் பூச்சிமருந்தும் கூடாது. புழுக்களைக் கையால் பொறுக்கினால் போதும். இலையின் அடியில் செம்பழுப்புப் பொடி கண்டால் அது துரு நோய். பாத்தி முழுவதையும் தரையோடு அறுத்து எரித்துவிட வேண்டும்; அதிலிருந்து நடவுக்குத் தண்டு எடுக்கக் கூடாது.

நட்ட 50 முதல் 60 நாளில் முதல் அறுப்பு வரும். பிடுங்காமல், தரைக்கு மேல் 2 அங்குலம் விட்டு அறுக்க வேண்டும். பிறகு 100 கிராம் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் மறுதழைவு செழிக்கும். நிழலும் நீரும் சரியாக அமைந்தால் ஏறத்தாழ மாதம் ஒரு அறுப்பு. கோடையில் பத்து நாள் கூடலாம். விற்க விரும்புவோர் இரண்டாவது பாத்தி போட்டு, பௌர்ணமிக்கு முந்தின மாலை அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் செல்லலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாத்தியை இடம் மாற்றுவது நல்லது.

எண்ணெய் வடித்தால் லாபம் என்று யாரேனும் சொன்னால் இந்தப் புதினாவை நம்பி இறங்க வேண்டாம். மென்தால் எடுக்க உத்தரப் பிரதேசத்தில் ஏக்கர் கணக்கில் பயிராவது ஜப்பான் புதினா. அது வேறு இனம். சமையல் புதினாவின் மணம் கார்வோன் என்ற பொருளால் வருவது.

மிஞ்சிய இலையைக் கழுவி நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் காயவைத்தால் நிறமும் போகும், மணமும் போகும். குழம்பானாலும் சாதமானாலும் இறக்கும் நேரத்தில் போட்டால்தான் மணம் நிற்கும்.