வாலிபரின் நெஞ்சிறுக்கமும் முறைதவறிய துடிப்பும்

கடையில் வேலை பார்க்கும் இருபது வயதுத் தம்பி ஒருவன், "நெஞ்சைப் பிடிக்கிறது, இருதயம் குதிக்கிறது" என்றால் நம் வியாபாரச் சகோதரர்களில் பலர், "வாயுதான், சோடா குடி" என்று கல்லாவில் இருந்தபடியே வைத்தியம் சொல்லிவிடுகிறார்கள். வேறு சிலர் மாரடைப்பென்று பயந்து அவனையும் கலங்கடிக்கிறார்கள். எது அஞ்சத்தக்கது, எது அல்ல என்று பகுத்தறிய ஓரளவு விஷயம் தெரிந்திருத்தல் அவசியம்.

இருதயத்தின் வலது மேலறையிலுள்ள ஒரு சிறு திசுவில் பிறக்கும் மின்விசையே துடிப்பை நடத்துகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. வாலிபருக்கு மூச்சை இழுக்கையில் நாடி சற்று விரைந்தும், விடுகையில் தணிந்தும் ஓடும், இது நோயன்று. சில வேளை ஒரு துடிப்பு முறைக்கு முந்தி வந்துவிடும். பிறகு சிறு இடைவெளி. அதற்குள் இரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழும். "நின்று குதித்தது" என்று தம்பி சொல்வது பெரும்பாலும் இதுவே. பழுதற்ற இருதயத்திலும் இது சகஜம்.

இதைத் தூண்டுவன யாவை? தூக்கக் குறைவு முதலாவது. நள்ளிரவில் கடை மூடி விடியுமுன் திறப்பவன், விழித்திருக்கக் கோப்பியை நாடுகிறான். போதாதென்று டின்னில் வரும் சக்தி பானம், சிகரெட், வேப். கோப்பியிலுள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். இரவு பத்துக்குக் குடித்தது மூன்று மணிக்கும் பாதி மிச்சமிருக்கும்! வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடியாதிருத்தல், காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகுதி ஆகியவையும் துடிப்பை விரைவாக்கும்.

நெஞ்சிறுக்கத்துக்குக் காரணங்கள் வேறு பல. பின்னிரவில் உண்டு உடனே படுத்தால் புளிப்பு மேலெழுந்து நெஞ்சு எரியும். மூட்டை தூக்கியவனுக்கு விலாவில் விரலால் அழுத்தினால் வலிக்கும். மாவுத்தூசி சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். கவலையில் மூச்சு வேகமாகி உதடும் விரலும் மரத்துப்போவதும் உண்டு. ஊரில் கடன், இங்கே பெர்மிட் கவலை என்றிருப்பவனின் இந்த அவஸ்தையை நடிப்பென்று தள்ளுவது அநியாயம்.

இனி அஞ்ச வேண்டியவை. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுதல். திடீரென நாடி 150க்கு மேல் ஏறி, திடீரென அடங்குதல். இரத்த உறவில் ஒருவர் இளவயதில் காரணமின்றி இறந்திருத்தல். இருதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பலர் அறியாமலே நடமாடுகின்றனர். நம் தென்கிழக்காசியாவில் இன்னொன்றும் உண்டு. திடகாத்திரமான வாலிபர் உறக்கத்திலேயே மரிப்பதைத் தாய்லாந்தில் 'லாய் தாய்' என்றும், பிலிப்பைன்ஸில் 'பாங்குங்கோட்' என்றும் சொல்வார்கள். பேய் வேலை என்று கருதப்பட்ட இம்மரணங்களில் பலவற்றுக்கு, 1992-ல் புருகாடா சகோதரர்கள் விவரித்த மின்கோளாறே காரணமென்று பின்னர் தெரிந்தது. காய்ச்சல் இதைத் தூண்டிவிடும்.

இந்திய வம்சத்தினரை மாரடைப்பு மற்றவர்களை விடச் சில ஆண்டுகள் முந்தியே தாக்குகிறது. புகைப்பவனுக்கும் நீரிழிவுள்ளவனுக்கும் முப்பதுகளிலேயே வரலாம். பாரம் வைத்தாற்போல் வலித்து, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் வயதைப் பார்த்துத் தாமதிக்கலாகாது. மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லவும் வேண்டாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 அழையுங்கள்.

அவசரமில்லாதவனுக்கும் ஈ.சி.ஜி. ஒருமுறை எடுத்துவிடுவதே என் யோசனை. வலியில்லை, சில நிமிஷ வேலை. ஆனால் படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் ஒன்றும் தென்படாமல் போகலாம். அப்போது 24 மணி நேரம் பதியும் சிறு கருவியை உடலில் மாட்டி அனுப்புவார்கள். படபடக்கையில் மணிக்கட்டில் முழு நிமிஷம் நாடியை எண்ணி, நேரம், நீடித்த அளவு, அதற்குமுன் குடித்தது முதலியவற்றைக் குறித்துவைத்தல் டாக்டருக்குப் பேருதவி. தம்பிக்கு மலாயோ ஆங்கிலமோ வராதென்றால் கடையிலிருந்து ஒருவர் துணைக்குப் போகட்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்று டாக்டர் கேட்பார். அதற்கு முன்பே ஊருக்குப் போன் செய்து அவன் உம்மாவிடம் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.