இணையச் சமூகத் தரவுத்தளங்களும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்பும்



தனியுரிமை பற்றிய வினாவுக்கு விடை எழுதுவோரில் பலர், "கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லக் கூடாது" என்று எழுதியதோடு நிறுத்திவிடுகின்றனர். அது சரியான கூற்றே. ஆயினும் உங்கள் கடவுச்சொல் பத்திரமாக இருக்கும்போதே உங்களைப் பற்றிய தகவலை வேறொருவர் இணையத்தில் இட்டுவிடலாம். இப்பாடத்தில் நாம் கவனிக்கப் போவது அந்தப் பக்கத்தையே.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

தனிப்பட்ட தகவல்: ஒருவரை நேரடியாகவோ வேறு தகவல்களோடு சேர்த்தோ இனங்காண உதவும் எத்தகவலும். உதாரணம்: பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், புகைப்படம்.

இணையச் சமூகத் தரவுத்தளம்: பொதுவான ஒரு நோக்கத்திற்காகப் பலர் சேர்ந்து தகவல்களை இட்டு, திருத்தி, தேடிப் பயன்படுத்தும் தொகுப்பு. 2001 இல் ஆரம்பிக்கப்பட்ட விக்கிபீடியா, 2004 இல் ஆரம்பிக்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் என்னும் உலகப்படம், குடும்ப வமிச விபரங்களைச் சேர்க்கும் பமிலிசேர்ச் ஆகியன இதற்கு உதாரணங்கள்.

இங்கு முக்கியமான ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு திறக்கும்போது உங்கள் தகவலை நீங்களே கொடுக்கிறீர்கள். சமூகத் தரவுத்தளத்திலோ தகவலை இடுபவர் ஒருவராகவும், அத்தகவலுக்குரியவர் இன்னொருவராகவும் இருக்கலாம். இடுபவருக்கு அது ஓர் உதவிப் பணி. தவறு நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் மற்றவர். விதிகள் தேவைப்படுவது இதனாலேயே.

2. பெயரை நீக்கினால் மட்டும் போதுமா?

போதாது. பின்வரும் மூன்று விடயங்களையும் கவனியுங்கள்.

(அ) 2016 முதல் வழங்கப்படும் எமது தேசிய அடையாள அட்டையின் இலக்கம் 12 இலக்கங்களைக் கொண்டது. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். ஓர் இலக்கம் 2008545 எனத் தொடங்கினால், 545 இலிருந்து 500 ஐக் கழிக்க 45 வரும். தை மாதத்தின் 31 நாட்கள் போக மீதி 14. எனவே அட்டைக்குரியவர் 2008 மாசி 14 இல் பிறந்த ஒரு பெண். "வெறும் இலக்கம்தானே" என்று நாம் கொடுப்பதில் இவ்வளவும் அடங்கியுள்ளன.

(ஆ) அமெரிக்க ஆய்வாளர் லத்தானியா ஸ்வீனி, 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டின் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். தபாற் குறியீடு, பிறந்த திகதி, பால் ஆகிய மூன்று மட்டும் தெரிந்தாலே அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87% ஆனோரைத் தனித்து இனங்காணும் வாய்ப்பு உண்டு என அதில் காட்டினார்.

(இ) 2006 ஆவணி மாதத்தில் ஏ.ஓ.எல். நிறுவனம், ஏறத்தாழ 650,000 பாவனையாளர்கள் தேடிய சொற்களை ஆய்வுக்கென வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக இலக்கங்களே இடப்பட்டிருந்தன. எனினும் நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர்கள் தேடற் சொற்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஒரு பெண்மணியை அவரது வீடு வரை சென்று கண்டுபிடித்தனர்.

ஆகவே, தனித்தனியே தீங்கற்றதாகத் தோன்றும் தகவல்கள் ஒன்றுசேரும்போது ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. தேடுவதும், பிரதியெடுப்பதும், ஒன்றோடொன்று இணைப்பதும் தரவுத்தளத்தில் மிக இலகுவானவை. பிரதியெடுக்கப்பட்ட பின்னர் மூலப்பதிவை அழித்தாலும் பயன் குறைவே.

3. சமூகத் தரவுத்தளங்கள் பின்பற்றும் விதிகள்

விக்கிபீடியா: உயிருடன் உள்ளோர் பற்றி எழுதுவதற்குத் தனியான கொள்கை உண்டு. வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் போன்றவற்றை இடலாகாது. ஆதாரமற்ற, சர்ச்சைக்குரிய கூற்றுகளை உடனடியாக நீக்க வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்: வீதி, கட்டடம், வீட்டிலக்கம் ஆகியவற்றைக் குறிக்கலாம். அவ்வீட்டில் வசிப்பவரின் பெயரைக் குறிக்கலாகாது.

பமிலிசேர்ச்: இறந்த முன்னோரின் விபரங்கள் எல்லோருக்கும் திறந்தவை. உயிருடன் உள்ளவரின் பதிவு மறைக்கப்படும். இறப்பு விபரம் இல்லாத ஒருவர் கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவராயின், உயிருடன் உள்ளவராகவே கொள்ளப்படுவார்.

மூன்றிலும் பொதுவாக உள்ளது யாது? நோக்கத்திற்குத் தேவையானது மட்டும் திறந்திருக்கும், வாழும் மனிதரின் விபரம் காக்கப்படும் என்பதே.

4. சட்ட அடிப்படை

• 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 12 ஆம் உறுப்புரை, ஒருவரது அந்தரங்கத்தில் எதேச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கின்றது.

• 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது அதிகாரசபைகளிடம் தகவல் கோரும் உரிமையைத் தருகின்றது. எனினும் பொதுநலன் மேலோங்காதவிடத்து, தனியாள் ஒருவரின் அந்தரங்கத் தகவலை மறுப்பதற்கும் 5 ஆம் பிரிவு இடமளிக்கின்றது.

• 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறும் முக்கிய கோட்பாடுகள்: குறித்த நோக்கம், தேவையான அளவு மட்டும் திரட்டல், சரியான தன்மை, தேவையான காலத்துக்கு மட்டும் வைத்திருத்தல், பாதுகாப்பு, வெளிப்படைத்தன்மை. தரவுக்குரியவர் தன் தரவைப் பார்வையிடவும், திருத்துவிக்கவும், அழிப்பிக்கவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் கோரலாம்.

5. மாதிரி வினா

ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் உறுப்பினர் விபரங்களைத் தேடக்கூடிய இணையத் தரவுத்தளம் ஒன்றை அமைக்கின்றது. கேட்கப்படும் விபரங்கள்: பெயர், கற்ற ஆண்டுகள், தொழில், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் விதிகள் நான்கினைக் காரணத்துடன் தருக.

விடைக் குறிப்பு:

(i) அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்காதிருத்தல். பழைய நண்பரைத் தேடும் நோக்கத்திற்கு அது தேவையில்லை.

(ii) உரியவரின் சம்மதம் பெற்றே பதிதல். வகுப்புத் தோழர் ஒருவர் எல்லோருக்குமாகப் படிவம் நிரப்புதல் சம்மதம் ஆகாது. தன்னைத் தேடி வரும் ஒருவருக்கு அஞ்சி முகவரியை மாற்றிக்கொண்ட உறுப்பினரும் அவர்களுள் இருக்கக்கூடும்.

(iii) முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் மறைத்து வைத்து, செய்தி அனுப்பும் வசதியை மட்டும் கொடுத்தல். பதில் அளிப்பதா இல்லையா என்பதை உரியவரே தீர்மானிப்பார்.

(iv) திருத்தவும் நீக்கவும் வழி வைத்து, பொறுப்பான ஒருவரைக் குறிப்பிடுதல். முறைப்பாடு செய்ய ஆளில்லையேல் விதி ஏட்டிலேயே இருக்கும்.

கவனிக்க: "பாதுகாப்பாக வைத்தல் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது. எத்தகவல், எந்நோக்கம், யாருடைய சம்மதம் என்னும் மூன்றையும் விடையில் காட்டுங்கள்.

பெறுபேறு வெளியானதும் சுட்டெண்ணும் அடையாள அட்டை இலக்கமும் தெரியும் படத்தைப் பகிரத் தோன்றும். உங்களுடையதோ, நண்பருடையதோ, இதே மூன்று கேள்விகளையும் அப்போதும் கேட்டுப் பாருங்கள்.