அழுத்துவதா, அடக்குவதா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் டை மேக்கராக இருக்கிறேன். மகள் ட்ரினிட்டி பியானோ கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள். பெங்களூரு அவென்யூ ரோட்டில் வாங்கிய பழைய ஷூபர்ட் புத்தகத்தில், ஒரு சுரத்துக்கு அடியில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் நீளக் குறி இருக்கிறது. டீச்சரின் புதுப் புத்தகத்தில் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கச் சொல்லும் குட்டிக் குறி. எது அச்சுப்பிழை?
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டில் எதையும் சட்டென்று பிழை என்று சொல்லிவிட முடியாது சார். இரண்டு குறிகளுமே இடப்பக்கம் விரிந்து வலப்பக்கம் குவிபவை, நீளம்தான் வேறு. ஷூபர்ட்டோ அழுத்தக் குறியையும் தாராளமாக இழுத்து எழுதுகிறவர். அதைப் பார்த்து எழுதியவர்களும் அச்சுக்குச் செதுக்கியவர்களும் ‘குறை’ என்று படித்துவிட்டார்கள். அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியின் கடைசி சுரத்தை அழுத்தி முடிப்பதா, அடங்கவிட்டு முடிப்பதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

செதுக்கும் முறையைக் கேட்டால் உங்களுக்குச் சுவையாக இருக்கும். ஈயம் கலந்த வெள்ளீயத் தகட்டில், எல்லாவற்றையும் இடவலம் மாற்றிப் பதிக்க வேண்டும். சுரத்தின் தலை, மெதுவாக, சத்தமாக என்று காட்டும் ‘பி’, ‘எஃப்’ எழுத்துகள் எல்லாம் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிப்பவை. ஆனால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடுகளை உளியால் கையாலேயே இழுத்தார்கள். ஆகவே எழுத்து வடிவம் மாறாது, கோட்டின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். இடமில்லையென்றால் குறி சற்றுத் தள்ளிப் போய்விடும். இரு கைகளுக்கும் தனித்தனியாக எழுதிய குறிகளை நடுவில் ஒன்றாகப் போட்டுவிடுவதும் உண்டு. தவறு நேர்ந்தால் தகட்டின் பின்புறம் தட்டிச் சமன் செய்து மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு சின்னத் தவறுக்கும் யார் அந்தப் பாடு படுவார்கள்?

பார்த்து எழுதுபவர்களின் இதே போன்ற தவறுகளால் பேத்தோவனும் நொந்துபோனவர். 1825இல் தன் ஏ மைனர் ஸ்ட்ரிங் குவார்டெட்டின் பிரதிகளைப் பார்த்துவிட்டு, சத்தக் குறிகள் இடம் மாறிக் கிடப்பதாக வயலின் கலைஞர் கார்ல் ஹோல்ட்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

பார்த்து எழுதியவர்களும் செதுக்கியவர்களும் செய்ததாவது கவனக்குறைவு. தெரிந்தே மாற்றியவர்கள் பதிப்பாசிரியர்கள். பாக் தம் ‘வெல் டெம்பர்டு கிளாவியர்’ நூலில் சத்தக் குறி எழுதவில்லை. 1837இல் அதைப் பதிப்பித்த பியானோ ஆசிரியர் செர்னி பக்கம் பக்கமாகச் சேர்த்தார். அவற்றைப் பாக்கின் குறிகள் என்றே நம்பி வாசித்தவர்கள் ஏராளம்.

இதற்கு மாற்றாக வந்தவைதான் மூலப்பிரதியை ஒட்டிய ‘ஊர்டெக்ஸ்ட்’ பதிப்புகள். அவற்றில் பேர்பெற்ற ஹென்லே பதிப்பகத்தை 1948இல் தொடங்கிய குந்தர் ஹென்லே உங்களைப் போலவே தொழில்துறைக்காரர், எஃகு வணிகத்தில் இருந்தவர். ஆனால் ஊர்டெக்ஸ்ட்டிலும் ஷூபர்ட்டின் கோடு எந்தக் குறி என்பதை ஒருவர் தீர்மானித்துத்தான் அச்சிடுகிறார். பின்பக்கக் குறிப்புகளைப் படியுங்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒரே சுரத்துக்கு அடியில் மட்டும் அந்தக் குறி இருந்தால், பெரும்பாலும் அழுத்தமாகத்தான் இருக்கும். மகளை இரண்டு விதமாகவும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேர்வுக்கு எந்தப் பதிப்பு என்பதைப் பாடத்திட்டத்தில் பார்த்து டீச்சரோடு முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.