விளையாட்டாக இலக்கணம் கற்றுக்கொடுப்போம்



அன்பான பெற்றோர்களே! கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு ஆண்டுதோறும் விண்ணப்பங்கள் வருகின்றன. பிள்ளைகள் தம் கைப்பட எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆனால் பலவற்றை உம்மாவோ அண்ணனோதான் எழுதித் தருகிறார்கள். விசாரித்தால், "தப்பா எழுதிட்டா உதவி கிடைக்காதோன்னு பயம்" என்கிறார்கள். பிழைக்காக நாம் எவருக்கும் உதவியை மறுத்ததில்லை. ஆயினும் பத்தாம் வகுப்புப் பிள்ளை தாய்மொழியில் நாலு வரி எழுத அஞ்சுவது கவலை தருகிறது.

இலக்கணம் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் என்று நாம் விட்டுவிடுகிறோம். அரபு இலக்கணத்தின் முன்னோடியான அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) ஹிஜ்ரி 69-ல் பஸராவில் மறைந்தவர்கள். அவர்களைப் பற்றி அறிஞர்கள் வழிவழியாகக் கூறும் ஒரு செய்தி உண்டு. இரவு வானத்தைப் பார்த்த அவர்களின் மகள், 'வானம் எவ்வளவு அழகு!' என்று வியக்க நினைத்தார். சொல்லின் இறுதிக் குறிகள் மாறியதால், 'வானத்தில் எது மிக அழகு?' என்ற கேள்வியாகிவிட்டது. "அதன் நட்சத்திரங்கள்" என்று பதில் சொன்ன தந்தை, மகள் வியந்தது தெரிந்ததும் சரியான வடிவத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதட்டவில்லை. அந்தப் பாடம் நடந்தது வீட்டில்தான்.

நம் வீடுகளிலும் இதைச் செய்யலாம். இரண்டு விளையாட்டுகளைச் சொல்கிறோம்.

1. சீட்டு விளையாட்டு: பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சிறு சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கட்டில் கடல், படகு, மரம், வீடு, ஆறு, உம்மா போன்ற பெயர்களை எழுதுங்கள். இன்னொரு கட்டில் ஐ, ஆல், ஓடு, கு, உடைய, இல் என்ற ஆறையும் எழுதுங்கள். பிள்ளை கட்டுக்கு ஒரு சீட்டு எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு புளியங்கொட்டை. 'மரம்', 'ஐ' வந்தால் 'மரமை' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. 'மரத்தை' என்றே சொல்லும். 'த்து' எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 'உம்மா', 'இல்' வந்தால் 'உம்மாவிடம்' என்று ஏன் மாறுகிறது என்றும் கேளுங்கள். விதியின் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு புதிர். நம் காரைக்கால் கடற்கரையில் உட்கார்ந்து 'கடலை தின்றேன்' என்று எழுதினால் வேர்க்கடலை. 'கடலைத் தின்றேன்' என்று எழுதினால் கடலையே தின்றதாகிவிடும்! ஐ உருபு வெளிப்பட்டு வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும் என்ற விதியை, இந்தச் சிரிப்புக்குப் பின் பிள்ளை மறக்காது.

2. பந்து விளையாட்டு: வட்டமாக உட்காருங்கள். பந்தை எறிபவர் 'தம்பி' என்றால் பிடிப்பவர் 'வந்தான்' என்க வேண்டும். தங்கை என்றால் வந்தாள், விருந்தாளிகள் என்றால் வந்தார்கள், ஆடு என்றால் வந்தது. 'ஆடுகள்' என்றதும் பலர் 'வந்தது' என்று தடுக்கி விழுவார்கள். 'வந்தன' என்பதே சரி. மதரஸாவில் ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என 14 வடிவங்களை ஒப்பிக்கும் பிள்ளைக்குத் தமிழின் இந்த ஐந்து பெரிய சுமையல்ல.

மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் போதும். பிழை விட்டால் மற்றவர் முன் கேலி செய்யாதீர்கள். நாம் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டு, பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பாட்டிமாரும் சேர்ந்துகொள்ளட்டும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார் ஃபோனில் பேசும்போது ஒரு சீட்டுக்கு வாக்கியம் கேட்கட்டும். வாரம் ஒருமுறை அவருக்கு நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை, இன்ஷா அல்லாஹ், பிள்ளையின் கையெழுத்திலேயே எதிர்பார்க்கிறோம். பிழை இருந்தாலும் பரவாயில்லை. பயம் இருக்கக் கூடாது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.